சுரண்டாத பலகை

பனிச்சறுக்குப் பலகையின் மூக்கிலிருந்து வால்வரை பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லூபா சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

“அடியே, உசுரோட இருக்கியா?” நோரீன். சறுக்க வருகிறவர்களை மலையுச்சிக்கு ஏற்றும் நாற்காலி லிஃப்டை ஓட்டுகிறவள். “நான் இங்க டி-ஷர்ட்டோட நிக்கிறேன், தெரியுமா?”

“குடிச்சிருக்கியா?”

“வெயிலுடி. மூக்கெல்லாம் வெந்து போச்சு. பனி கஞ்சியாட்டம் கெடக்கு. ராத்திரியும் இறுகல. நாளைக்கும் இதேதான்னு ரேடியோவுல சொல்றான். சும்மா உன்னை வயிறெரிய வைக்கலாம்னு கூப்பிட்டேன்.”

பிரஷ் நின்றது.

கீழறையின் சின்ன ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. பக்கத்து வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை. பின்வாசல் வெப்பமானி பூஜ்யத்துக்கு வெகு கீழே கிடந்தது. பள்ளத்தாக்கு உறையும்போது மேலே வெயில் காய்வது இந்த ஊரில் எல்லாக் குளிர்காலத்திலும் நடக்கிற ஒன்றுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏறி, மேலே வியர்த்துப்போய் நிற்பார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களில் லூபாவும் ஒருத்தி. ஆனால் இந்த வாரம் முழுக்க அவளுக்கு உருக்காலையில் இரவு முறை. பகலில் தூங்கி, எழுந்து, பின்வாசலில் தலையை நீட்டிப் பார்த்தாள். கடுங்குளிருக்கான பச்சை மெழுகை எடுத்தாள். இரண்டு பலகைகளுக்கும் அதையே பூசினாள்.

காய்ந்த பனியில் பச்சை மெழுகு நன்றாக ஓடும். ஈரப்பனியில், நனைந்த பாவாடை காலைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும்.

“லூபா? இருக்கியா?”

“அப்புறம் கூப்பிடறேன்.”

நீலப் பலகை அவள் மகள் மரிஷாவுடையது. மஞ்சள், பக்கத்து வீட்டு க்ளென்னின் மகள் ஷெல்பியுடையது. மாகாண அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. நாளைய பந்தயத்தில் இந்த இரண்டு பேரில் முந்துகிறவளுக்கு அது போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பெண்களும் பயிற்சிப் பலகைகளோடு காலையிலேயே மேலே மலை விடுதிக்குப் போய்விட்டார்கள். பந்தயப் பலகைகளை ஏற்றிக்கொள்ள கிளப் வேன் ஆறு மணிக்கு வரும். இன்னும் ஒரு மணி நேரமும் கொஞ்சமும் இருந்தது. பழைய மெழுகை எடுத்து, புதிதாகப் பூசி, ஆறவிட்டு, சுரண்டி, பிரஷ் போட அந்த நேரத்தில் ஒரு பலகையைத்தான் முடிக்கலாம்.

எதை எடுப்பது என்று அவள் யோசிக்கவில்லை. கை நீலத்தை எடுத்துப் பிடிப்பானில் இறுக்கியது.

மெழுகுக் கட்டியைச் சூடான இஸ்திரியில் அழுத்தினாள். ஈரப்பனிக்கான இளம் மெழுகு சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்தது. இஸ்திரியை நிறுத்தாமல் நகர்த்தினாள். ஓரிடத்தில் நின்றால் அடிப்பரப்பு வெந்துவிடும். சூடு ஆறுமுன்பே பிளாஸ்டிக் தகட்டால் வழித்தாள். பச்சை மெழுகு சுருள் சுருளாக வந்தது. உருக்காலையில் துத்தநாகத்தின் மேல் படியும் ஆடையை வழிப்பதுதான் அவள் வேலை. அங்கேயும் இதே கைதான்.

பத்தொன்பது வயதில் இந்த மலைக்குப் பலகையோடு போன முதல் பெண் அவள். லிஃப்ட்காரர்கள், “இஸ்திரி மேசையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா கெளம்பிட்ட?” என்று கேட்டார்கள். பதினைந்து வருடம் சறுக்கினாள். இடுப்பெலும்பு தேய்ந்த பிறகு மேலே போவதில்லை. மெழுகு மட்டும் மிச்சம்.

மஞ்சள் பலகை சுவரில் சாய்ந்து பளபளத்தது. யாரும் குறை சொல்ல முடியாத வேலை. நாளைக்கு அது ஓடவில்லையென்றால் ஷெல்பி தன் கால்களைத்தான் திட்டுவாள். க்ளென்னுக்கு மெழுகைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனைவி விட்டுப்போன குளிர்காலத்தில் சட்டை தேய்க்கிற இஸ்திரியால் மகளின் பலகையைத் தேய்த்து, கருக்கி, வேலியோரம் கொண்டுவந்து நின்றவன் அவன். “இதுக்கு மருந்து ஏதாவது இருக்கா?” என்று கேட்டான். அன்றிலிருந்து இரண்டு பலகைகளும் லூபாவிடம்தான். பனி பெய்த காலைகளில் அவன் தன் லாரியின் முன்னால் மாட்டிய பனிக்கலப்பையால் அவள் வாசல் பனியையும் தள்ளிவிட்டுப் போவான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நீலத்தின் மேல் இளம் மெழுகைப் பூசி முடித்தபோது மேலே கதவு திறந்தது. பூட்ஸ் தட்டும் சத்தம்.

“லூபா! போர்ஷ்ட் சூப் வாசனை தெருமுனை வரைக்கும் வருது. ஒரு கிண்ணம் கெடைக்குமா?”

படிகள் கிறீச்சிட்டன. க்ளென் தலையைக் குனிந்து உள்ளே வந்தான். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். உள்ளே வந்ததும் அறை சின்னதாகிவிட்டது.

“சீக்கிரம் வந்துட்டேன். லோடு இல்ல.” மஞ்சள் பலகையைப் பார்த்தான். “அடேயப்பா. இதைப் பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்.” பிறகு தரையில் கிடந்த பச்சைச் சுருள்களைப் பார்த்தான். பிடிப்பானில் இருந்த நீலத்தைப் பார்த்தான். “இது இன்னும் முடியலியா?”

“முடிஞ்சிருந்துச்சு.”

“அப்புறம்?”

லூபா இஸ்திரியைத் தாங்கியில் வைத்தாள். “மேல வெயிலாம். நோரீன் சொன்னா. நான் ரெண்டுக்கும் குளிர் மெழுகு போட்டுட்டேன். ஓடாது.”

க்ளென் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். “ரெண்டுக்குமா?”

“ஆமா.”

“உன் பொண்ணோடத மாத்திட்ட.”

“மாத்திக்கிட்டிருக்கேன்.”

“ஷெல்பியோடது?”

“ரெண்டுக்கும் நேரமில்ல.”

அவன் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். கழுத்து சிவந்திருந்தது.

“நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காதுதான்.”

“அப்ப ஏன் சொன்ன?”

“நீ சீக்கிரம் வந்துட்ட.”

அவன் மஞ்சள் பலகையைக் கையில் எடுத்தான். எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தாள். போனால் நல்லது என்றும் தோன்றியது. அவன் போகவில்லை.

“காலைல அந்தப் புள்ள வாந்தி எடுத்துச்சு, லூபா. பயத்துல. அப்பா என்னால முடியுமான்னு கேட்டுச்சு. பலகையை லூபா பாத்துக்குவா, நீ காலைப் பாத்துக்கன்னு சொல்லி அனுப்பினேன்.”

லூபா நீலத்தைப் பார்த்தாள். மெழுகு இன்னும் ஈரமாக மின்னியது. ஆறிய பிறகு அதைச் சுரண்டினால்தான் ஓடும். சுரண்டாத பலகை பிசின் தடவியதுபோல நிற்கும். மரிஷாவுக்குச் சுரண்டத் தெரியும். எட்டு வயதிலிருந்து இந்த அறையில்தான் வளர்ந்தாள். ஷெல்பி தகட்டைத் தொட்டதுகூட இல்லை. மேலே விடுதியில் வேலை மேசை கிடையாது, பிடிப்பான் கிடையாது. பந்தயக் காலையில், தூக்கக் கலக்கத்தில், நாற்காலிமேல் வைத்துச் சுரண்ட வேண்டும்.

பிடிப்பானைத் தளர்த்தினாள். நீலத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“அதை இங்க குடு.”

“என்ன பண்ற?”

“குடுன்னா குடு. மூக்கை அமுக்கிப் பிடி. அசையக் கூடாது.”

அவன் பிடித்தான். அவள் பூசினாள், வழித்தாள், மறுபடி பூசினாள். இஸ்திரி போன பாதையில் மெழுகு ஒரு சாண் நீளத்துக்கு ஈரமாக நின்று, பிறகு மங்கியது. பிறகு ஆறவேண்டும்.

“கதவைத் திறக்கவா? குளிர் காத்து பட்டா சட்டுனு ஆறிடும்.”

“சட்டுனு ஆறினா மெழுகெல்லாம் வெளிய வந்துடும். சும்மா நில்லு.”

“வேன் வந்துடும்.”

“தெரியும்.”

நின்றார்கள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், அவள் பலகையைப் பார்த்தாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் வெதுவெதுப்பு. மறுபடி வைத்தாள். தெருவில் ஹாரன் கேட்டது.

“போய் அவனை நிறுத்து. போர்ஷ்ட் குடு. என்னமோ பண்ணு.”

க்ளென் படியேறி ஓடினான். லூபா தகட்டை எடுத்தாள். இடுப்பு வலித்தது. மேலே டிரைவர், “கிளப்பு பொண்ணுங்க எல்லாம் பட்டினியா கெடக்கட்டும், நான் சூப் குடிக்கிறேன், அதானே?” என்பதும் ஸ்பூன் சத்தமும் கேட்டன. அவள் சுரண்டினாள். பிரஷ் போட்டாள். ஹாரன் இரண்டாம் முறை அடித்தபோது மஞ்சளை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். நீலத்தை அப்படியே உறையிலிட்டு, தகட்டையும் பிரஷ்ஷையும் கூடவே செருகினாள்.

வேன் போன பிறகு மரிஷாவைக் கூப்பிட்டாள்.

“உன்னோடது சுரண்டாம வருது. காலைல நீயே சுரண்டிக்கணும்.”

“என்னது? அம்மா, விளையாடறியா?”

“தகடு பையில இருக்கு.”

“அவளோடது?”

“முடிச்சாச்சு.”

மறுமுனையில் யாரோ தூரத்தில் சிரிப்பது கேட்டது.

“ஏம்மா?”

“அவளுக்குச் சுரண்டத் தெரியாது.”

மரிஷா போனை வைத்துவிட்டாள்.

மறுநாளும் பள்ளத்தாக்கில் மூடுபனி. லூபா இரவு முறை முடிந்து வந்து படுத்தாள். மதியம் நோரீன் கூப்பிட்டுச் சொன்னாள். மரிஷா விடுதி நடையில் இரண்டு நாற்காலிகள்மேல் பலகையை வைத்துச் சுரண்டினாள். அது ஆடாமல் இருக்க ஷெல்பி வாலின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அரையிறுதியில் மரிஷா மூன்றாவது வளைவில் விழுந்தாள். ஷெல்பி இரண்டாவதாக வந்தாள். அணியில் இடம் அவளுக்கு. மாலையில் மரிஷா வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் போர்ஷ்ட் குடித்தாள். பலகை நன்றாகத்தான் ஓடியது என்றாள். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். பனி பெய்யவில்லை. வாசலில் தள்ள ஒன்றுமில்லை. க்ளென் வரவில்லை. லூபா மேசையில் இறுகியிருந்த மெழுகுச் சொட்டுகளைச் சுரண்டிப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.