காவலுக்குத் தப்பிய கட்டி

செங்கோட்டையைத் தாண்டிப் புளியறைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை தென்காசி ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் கீமோ (புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்து). பயந்து கிளம்பிவிட்டேன். எந்த ஊரிலும் நிலைத்து நின்றவனில்லை நான். இந்த மருந்துக்கு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்க வேண்டுமாம்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தபோதுதான் முதுகு வலி ஆரம்பித்தது. சாப்பிட்டு மல்லாந்தால் கூடும். குனிந்து உட்கார்ந்தால் குறையும். பிடிப்பு என்று நினைத்து அருவிக்கு முதுகைக் கொடுத்தேன். எனக்கு வேலை தந்த மாடசாமி அண்ணாச்சி எண்ணெய் விட்டு அழுத்தினார். பிறகு கண் மஞ்சளானது. அவரே கீழாநெல்லி அரைத்துத் தந்து, உப்பில்லாப் பத்தியம் போட்டார். நான் மெலிந்ததற்குப் பத்தியத்தைக் காரணம் சொன்னோம். இரண்டு மாதம் அப்படிப் போனது. உங்களுக்குக் கண் மஞ்சளானால் முதலில் ஸ்கேன் எடுங்கள்.

தென்காசியில் எடுத்த ஸ்கேனில் கட்டி தெரிந்தது, கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும், செரிமான நீர் சுரக்கும் உறுப்பு). அது பித்தக் குழாயை நெரித்ததால்தான் மஞ்சள். உள்ளே சிறு குழாய் வைத்து மஞ்சளை இறக்கினார்கள். கட்டியை இப்போது அறுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. கீமோவில் சுருங்கினால் பார்க்கலாம். சுருங்கும் என்று உறுதி சொல்லவில்லை.

அம்மைக்கும் டைபாய்டுக்கும் தப்பிய உடம்பு இதை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று அவரிடம் கேட்டேன். கட்டி தன்னைச் சுற்றித் தழும்பு போலக் கெட்டியான சுவர் எழுப்பிக்கொள்ளுமாம். நோய் எதிர்ப்பு அணுக்கள் (உடம்பு முழுக்கச் சுற்றிக் காவல் காப்பவை) பலவும் அதற்குள் போவதே இல்லை.

"நுழைஞ்சாலும், சும்மா நில்லுன்னு அது சைகை குடுக்குது. அதுகளும் நின்னுருது. சிலத தனக்கே காவலா வச்சிக்கிடுது," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் துரத்தியது. என் சோற்றில் வளர்ந்தவை அதற்குக் காவல் நிற்கின்றன.

புளியறை சோதனைச் சாவடியில் தெரிந்த டிரைவர் ஒருவர் நின்றார். அவர் லாரியில் முன்பு கிளீனராக இருந்திருக்கிறேன். கொல்லம் போகிறேன், வா என்றார். சாவடிக்காரர்களுக்கு அவர் பழக்கம். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயைத் தூக்கி, அடி மூட்டை வரை பார்த்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குள் அப்படி அவிழ்த்துப் பார்க்க ஆளில்லை. எல்லை தாண்டினால் கட்டி கூடவே வரும், மருந்துதான் வராது.

"ஏலே, ஏறலையா?"

"இல்ல, நீங்க போங்க."

பஸ்ஸில் குற்றாலம் திரும்பினேன். மறுநாள் காலை மாடசாமி அண்ணாச்சியிடம் வேலை கேட்டேன். அவர் என் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார். அமுக்கப் பலமில்லை, குளிக்க வருபவர்களின் துணிமணியைப் பார்த்துக்கொள்கிறேன், ஆஸ்பத்திரி போகும் திங்கட்கிழமைகளில் மட்டும் வர முடியாது என்றேன்.

"எத்தன நாளைக்குலே? ஓடுகாலிப் பய நீ."

சாரல் சீசன் முடியும்வரை என்றேன். இத்தனை நாள் இருப்பேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முதுகு வலித்தது. குனிந்து உட்கார்ந்து, முதல் ஆளின் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.