பிரிஸில்லா டீச்சருக்குப் பின்னால் யாரும் இல்லை

பிரிஸில்லா டீச்சர் கட்டைவிரலால் டயர்களை அமுக்கிக்கொண்டே வருகிறார். பாளையங்கோட்டையில் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. வரிசையாக நிற்கும் சைக்கிள்களில் முன்சக்கரம், பின்சக்கரம் என்று ஒன்று விடாமல் அமுக்குகிறார். காற்று குறைந்திருந்தால் சைக்கிளுக்கு உரியவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கிறார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் பார்க்கும் அதே பார்வைதான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர், ஐம்பதை எட்டப் போகிறார். சுடிதாருக்கு மேல் கணவர் தானியேலின் பழைய முழுக்கைச் சட்டை, ஹெல்மெட்டுக்கு அடியில் இறுகக் கட்டிய ஒரு துண்டு. தானியேல் சாருக்கும் சைக்கிளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கேட்டால், "அவ மலைக்குப் போறா, நான் கோழிக்கு இரை போடுதேன்" என்பார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்தச் சைக்கிள் கூட்டம் ஆற்றை ஒட்டியே மிதித்து மலையடிவாரம் போய், மேலே அருவிவரை ஏறும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டார். "ஞாயித்துக்கெழம ஆண்டவருக்குள்ள நாளுல்லா" என்று டீச்சர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முன்னால் வழிகாட்டிப் போகிறவர் கண்ணன், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கடைசியில் வருவது டீச்சர். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது என்பது அவராகவே போட்டுக்கொண்ட சட்டம். யாருக்காவது செயின் கழன்றால் அவரும் நிற்பார். யாராவது இளநீர் குடித்தால், குடித்து முடித்து வழுக்கையையும் வழித்துத் தின்று கிளம்பும்வரை காத்திருப்பார். "பைய வாங்க. மலை எங்கனயும் ஓடிராது" என்பார். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்களுக்கு, "மேல பாக்காதீய. முன்சக்கரத்த மட்டும் பாத்து மிதிங்க" என்று ஒரு யோசனை. நடக்கிறவரைவிட மெதுவாக, காலை ஊன்றாமல் சைக்கிள் விடுவதில் இந்த ஜில்லாவில் அவருக்கு இணை இருப்பதாகத் தெரியவில்லை.

ஊர்களை அவர் அறிந்துவைத்திருப்பதும் ஒரு தனி மாதிரி. பிரம்மதேசம் கோபுரத்தடியில் நின்று கண்ணன் கல்வெட்டையும் சோழ பாண்டியர்களையும் எடுத்துவிடும்போது, டீச்சர் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். எந்தத் தெருக் குழாயில் உப்பில்லாத தண்ணீர் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். மன்னார்கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் கண்ணனைக் கை காட்டுவார். மன்னார்கோயில் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவருக்குச் சனிக்கிழமை உண்டா, லீவா என்று கேட்டால் அவரே சொல்வார். அதற்காகக் கோயில் மேல் மதிப்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிரம்மதேசத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கல் நந்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எவ்வளவு பொறுமையா செஞ்சிருக்கான், பாருங்க" என்பார். பொறுமைதான் அவர் அகராதியில் பெரிய வார்த்தை.

அந்தப் பொறுமையை அவர் மற்றவர்களிடமும் எதிர்பார்ப்பது ஜெபத்தில். மலையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஜெபம், இறங்குவதற்கு முன்னால் ஒரு ஜெபம். கூட்டத்தில் பாதிப்பேர் திருநீறு பூசியவர்கள். சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கிற முகம்மது சுல்தான் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். டீச்சர் ஜெபத்தைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை, நீளத்தைத் தவிர. ஒவ்வொருவர் முழங்காலுக்கும் பேர் சொல்லி வேண்டுவார். பிரேக் ஒயருக்கு வேண்டுவார். சபையில் படுக்கையாய்க் கிடக்கிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், அணைக்கு வர வேண்டிய தண்ணீர் என்று அது போய்க்கொண்டே இருக்கும். "டீச்சர் ஆமென் சொல்லுததுக்குள்ள ஒரு பஞ்சர் ஒட்டிரலாம், பாய்" என்று கண்ணன் ஒருநாள் சுல்தானின் காதில் சொன்னது டீச்சர் காதிலும் விழுந்தது. மறு மாதத்து ஜெபத்தில் கண்ணனுடைய பொறுமைக்காகவும் ஒரு விண்ணப்பம் சேர்ந்துகொண்டது.

பலவேசம் அண்ணாச்சி இந்தக் கூட்டத்துக்கு வந்தது போன வருஷம். மளிகைக் கடைக்காரர், நல்ல கனத்த உடம்பு. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் சைக்கிள் மிதிக்கலாம் என்று சொல்லப்போக, மகன் வாங்கிக் கொடுத்துவிட்டான். அவர் மனைவி இசக்கியம்மா ஒரு சீப்பு நாட்டுப் பழத்தோடு டீச்சர் வீட்டுக்கே வந்தார். "டீச்சரம்மா, அவிய உங்களுக்கு முன்னாலதான் போணும். உங்க கண்ண விட்டு மறையக் கூடாது. உங்கள நம்பித்தான் அனுப்புதேன்" என்றார். டீச்சர் சரி என்றார். அன்றிலிருந்து கூட்டத்தில் கடைசிக்கு முந்தின சைக்கிள் அண்ணாச்சியுடையது, கடைசி டீச்சருடையது. பாளையங்கோட்டை முதல் பாபநாசம் வரை அண்ணாச்சி பின்பக்கம் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் டீச்சர் சிரித்த முகமாக வந்துகொண்டிருந்தார்.

இந்தத் தை மாதத்துச் சனிக்கிழமையும் அப்படித்தான் பாபநாசம் வந்து சேர்ந்தார்கள். கோயில் தாண்டி ரோடு மேலேறும் இடத்தில் வட்டமாக நின்று கண்களை மூடினார்கள். டீச்சர் முழங்கால்களில் தொடங்கி அணைத் தண்ணீரில் முடித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் பலவேசம் அண்ணாச்சி நின்ற இடம் காலியாக இருந்தது. சைக்கிளும் இல்லை.

முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. டீக்கடையில் இருப்பார் என்று பார்த்தார்கள். அங்கே இல்லை. போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. படித்துறைக்குப் போனார்கள், ஈரத் தலையோடு ஏறி வந்தவர்களிடம் அடையாளம் சொல்லிக் கேட்டார்கள். டீச்சருக்கு அப்போதுதான் அந்த ஸ்டென்ட் ஞாபகம் வந்தது. நெஞ்சு அடைத்தால் மனுஷன் தண்ணீரைத் தேடித்தானே போவான் என்று நினைத்தார். நினைத்ததும் தண்ணீருக்குள் பார்க்கப் பயமாக இருந்தது. இத்தனைக்கும் நடுவில் அவர் போன் அடித்தது. இசக்கியம்மா.

"சேந்துட்டியளா டீச்சரம்மா?"

டீச்சருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "பாபநாசம் வந்துட்டோம்மா."

"அவிய மாத்திர போட்டாவளா?"

"காலைல என் கண்ணு முன்னாலதான் போட்டாக" என்றார் டீச்சர். அது உண்மைதான்.

மற்றவர்களை அவரே மேலே அனுப்பினார். "வெயில் ஏறுததுக்கு முன்னால நீங்க போங்க. அண்ணாச்சி பின்னாலதான் எங்கனயோ நிக்காக. நான் கூட்டிட்டு வாரேன்." பின்னால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பலவேசம் அண்ணாச்சி இந்த உலகத்தில் யாருக்காவது முன்னால் போயிருக்கக்கூடும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. வந்த வழியே விக்கிரமசிங்கபுரம் வரைக்கும் மிதித்தார். வாய்க்கால் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். மருந்துக் கடையில் கேட்டார், பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. கண்ணை மூடி ஜெபிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்து, கடைசியில் மலைமேல் போகிற ரோட்டின் சோதனைச் சாவடியில் போய் நின்றார். கேட்கக்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

சாவடியில் இருந்த காட்டிலாகாக்காரர் எழுந்து வந்தார். "என்னம்மா, யாரத் தேடுதிய? குண்டா ஒருத்தர், சைக்கிள உருட்டிக்கிட்டு வந்தாரே, அவரையா?"

டீச்சர் தலையை ஆட்டினார்.

"அவரு அப்பவே மேல போயாச்சு. பின்னால ஒரு கூட்டம் வரும், நான் போனத மட்டும் சொல்லிராதீயன்னு கும்பிட்டுட்டுப் போனாரு. அதான் மத்தவங்கட்ட நான் வாயத் திறக்கல. நீங்க அழுதுகிட்டு நிக்கிய, பாவமா இருக்கு."

அதன் பிறகு நடந்ததைச் சுல்தான் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வளைவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாராம். கீழே இருந்து விடாமல் மணி அடிக்கும் சத்தம். ஒதுங்கினால், சட்டை பின்னால் பறக்க டீச்சர் அவரைத் தாண்டிப் போகிறார். அடுத்த வளைவில் இன்னும் இரண்டு பேரைத் தாண்டினார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணனையே தாண்டினார். "ஏ டீச்சர், என்னாச்சு?" என்று கண்ணன் கத்தியதற்கும் மணியைத்தான் அடித்தார். இத்தனை வருஷத்தில் பிரிஸில்லா டீச்சர் ஒருவரையாவது முந்தியதாக யாருக்கும் ஞாபகமில்லை. அன்றைக்கு ஒரே ஏற்றத்தில் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் போனார்கள்.

அருவிக்குத் திரும்பும் இடத்தில், பாலத்துக் கட்டைச் சுவர் மேல் பலவேசம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பனியன் வியர்வையில் ஊறியிருந்தது. சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் காயப் போட்டிருந்தார். டீச்சர் சைக்கிளை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒண்ணும் செய்யல டீச்சர். ஏத்தம் பூரா உருட்டிக்கிட்டுத்தான் வந்தேன்."

"பேசாதீய."

நாடி நன்றாகத்தான் ஓடியது. இன்னொரு கையையும் பிடித்துப் பார்த்தார். அதுவும் ஓடியது. அப்படியே சுவரில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காய்ந்துகொண்டிருந்த சட்டையை அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கடைக்கு வாரவன் எல்லாம் கேக்கான் டீச்சர், அண்ணாச்சி இந்த மாசமும் கடைசிதானான்னு. பேரன் வரைக்கும் கேக்கான். ஒரு நாளாவது முதல்ல வந்து நிக்கணும்னு ஒரு ஆசை. என் உடம்புக்கு உங்க ஜெபத்த விட்டா வேற நேரம் கிடையாது. அதான், கண்ண மூடுனதும் பைய நழுவிட்டேன்."

டீச்சர் துண்டை எடுத்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார், வந்ததென்னவோ சிரிப்பு. அழுகை பாதி, சிரிப்பு பாதியாக வெகுநேரம் சிரித்தார். மேலே வந்து சேர்ந்தவர்களும் விஷயம் தெரிந்து சிரித்தார்கள். முதலில் வந்தது அண்ணாச்சிதான் என்று கண்ணன் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு கை கொடுத்தார். டீச்சர் அண்ணாச்சியின் போனை வாங்கி சிக்னல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் அவரிடமே கொடுத்து, "கீழ போனதும் வீட்டுக்கு நீங்களே அடிச்சுப் பேசுங்க. நடந்ததையும் நீங்களே சொல்லுங்க" என்றார். அண்ணாச்சி முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் தலையை ஆட்டினார்.

அருவியில் குளித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்று, வெயில் சாய்ந்ததும் இறங்கத் தயாரானார்கள். வழக்கம்போல வட்டமாக நின்றார்கள். சுல்தான் உள்ளங்கைகளை விரித்தார். டீச்சர் கண்களை மூடினார். பிரேக் ஒயர், முழங்கால், படுக்கையாய்க் கிடக்கிறவர்கள், பிள்ளைகள், அணை என்று ஒன்றையும் விடவில்லை. ஜெபம் அன்றைக்குக் கூடுதல் நீளம் என்றே சொல்ல வேண்டும். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. டீச்சரின் கண்கள் இறுக மூடியிருந்தன. இடது கை மட்டும் பலவேசம் அண்ணாச்சியின் சைக்கிள் கேரியரைப் பிடித்திருந்தது, ஆமென் சொன்ன பிறகும் அது விடவில்லை.