குழையால் கூட்டிய மலைப்பாதை

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை இருக்கிறதே என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். பெயர்தான் மலை, போய்ப் பார்த்தால் கடலும் கேணியும். மயிலிட்டியில் பிறந்த எனக்கு உயரம் என்றால் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். அப்படிப்பட்டவளை ஒரு மலைக்கோயிலுக்கு ஏற்றியே தீருவேன் என்று என் சிநேகிதி ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் கொடிகாமத்துக்காரி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். போன வருடம் எனக்கு வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் முருகனுக்கு நேர்ந்துவிட்டாளாம்: இவள் பிழைத்தால் உன் மலைக்குத் தன் காலால் நடந்து வந்து விளக்கேற்றுவாள் என்று. என்னைக் கேட்காமல் என் காலை நேர்ந்த கெட்டிக்காரி.

"உன்ரை காலை நேர்ந்திருக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"என்ரை முழங்காலை நம்பி முருகன் ஒண்டும் தரமாட்டார்."

அவளுடைய சின்னக் காரில் விடிய வெளிக்கிட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு, வவுனியா தாண்டிப் போனோம். வழிநெடுக நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மலையடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதோடு தார் வீதி முடிந்தது. அங்கிருந்து முருகனிடம் போவது காட்டுக்குள்ளால் ஏறும் ஒற்றையடிப் பாதை. கோடை காலம். பாதை முழுக்கச் சருகு மூடிக் கிடந்தது. மண்ணே தெரியவில்லை.

நான் நின்றுவிட்டேன்.

போர் முடிந்து இராணுவம் எங்கள் காணியைத் திருப்பித் தந்த புதிதில், மிதிவெடி அகற்ற வந்தவர்கள் சொன்னதுதான் காரணம்: ஆள் நடந்த தடத்தில் மட்டும் கால் வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் துப்புரவாக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். என் தலை நம்பியது, கால் நம்பவில்லை. இன்றைக்கும் மண் தெரியாத இடத்தில் என்னால் கால் வைக்க முடியாது. முற்றத்தில் மாவிலை குவிந்து கிடந்தால் சுற்றித்தான் போவேன். காலையும் மாலையும் நான் முற்றம் கூட்டுவதைப் பார்த்து எனக்குச் சுத்தப் பைத்தியம் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மை என் சிநேகிதிக்கு மட்டும்தான் தெரியும்.

"நீ போ. நான் பிள்ளையாரோடை இருக்கிறன்" என்றேன். எனக்குக் கோபமும் வந்தது. "எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானே கூட்டிக்கொண்டு வந்தனி?"

இங்கே வெடி இல்லை என்று அவள் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். பக்கத்துப் பற்றையில் இலை அடர்ந்த ஒரு குழையை முறித்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். குனிந்து பாதையைக் கூட்டத் தொடங்கினாள். சருகு விலக, அடியில் செம்மண் தெரிந்தது. அதில் கால் வைத்தேன். அவள் இன்னும் கொஞ்சம் கூட்டினாள். நான் இன்னும் கொஞ்சம் நடந்தேன்.

மேலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. "சிரமதானமோ அம்மா, கோயில் பாதையைத் துப்புரவாக்கிறியளோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லைத் தம்பி, நேர்த்தி" என்றாள், நிமிராமலே.

பாதி வழிக்குமேல் வெறும் பாறை. அங்கே சருகு ஏது? நான் ஆடு மாதிரித் தாவி அவளுக்கு முன்னால் ஏறினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் திட்டியது மேலே கேட்டது. உச்சியில் ஒரு கொட்டில், அதற்குள் ஒரு வேல். கீழே எங்கு பார்த்தாலும் காடு. காற்று விளக்கை ஏற்ற விடவில்லை. அவள் இரண்டு கையாலும் மறைத்துப் பிடிக்க, ஏற்றினேன். "கொண்டு வந்திட்டன்" என்று அவள் முருகனிடம் கணக்குத் தீர்த்தாள். எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. உயிருக்கும், தையல் போட்ட இந்த வயிற்றுக்கும், இவளுக்கும் நன்றி சொன்னேன்.

இறங்கும்போது, கூட்டிய இடமெல்லாம் காற்று திரும்பவும் மூடியிருந்தது. அவள் மறுபடி ஒரு குழையை முறித்தாள். அப்போதுதான் அவள் உள்ளங்கை கொப்பளித்திருப்பதைக் கண்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

"விடடி. நான் சும்மா வாறன்" என்று சருகில் ஒரு காலை வைத்தேன். உடம்பெல்லாம் வியர்த்தது. காலை எடுத்துவிட்டேன். "இவ்வளவு தூரம் வந்தும் என்ரை பயம் போகேல்லையே" என்றேன்.

"விசரி" என்றாள். "உன்ரை பயம் போகவேணும் எண்டு நான் நேரேல்லை. நீ உயிரோடை நடக்கவேணும் எண்டுதான் நேர்ந்தனான்."

சொல்லிவிட்டுக் குனிந்து கூட்டினாள். நான் அழுதுகொண்டே அவளுக்குப் பின்னால் இறங்கினேன்.