தேவ்ராஜி கொடுக்காத பட்டாணி

பைஜ்நாத் ராய்க்கு ஞாபகம் போகத் தொடங்கிவிட்டது என்பதை அவர் மனைவி தேவ்ராஜி ஒரே ஒரு பட்டாணியிலிருந்து தெரிந்துகொண்டாள்.

குளிர்காலம் வந்தால் எங்கள் காஜிபூர் பக்கத்தில் வேளைக்கு வேளை பச்சைப் பட்டாணிதான். காலையில் கடுகெண்ணெயில் சீரகமும் பச்சைமிளகாயும் தாளித்து வதக்கி, அவலோடு சாப்பிடுவோம். மதியம் நிமோனா. பட்டாணியை அம்மியில் கொரகொரப்பாக அரைத்து, பச்சை வாசனை போக வறுத்து, உருளைக்கிழங்கும் உளுந்து வடகமும் போட்டுக் கொதிக்க வைத்தால் நிமோனா. சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொள்ள வேண்டும். ராத்திரிக்கு மிச்சப் பட்டாணியை மசித்து ரொட்டிக்குள் வைத்துச் சுடுவார்கள். இதில் பெரிய சமையல் ஒன்றுமில்லை. பசிக்குப் போதும், குளிருக்கும் போதும்.

ராய் வெயிலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்து வீட்டுக்கு வேண்டிய பட்டாணி முழுவதையும் உரிப்பார். ஒன்றைக்கூட வாயில் போடமாட்டார். மற்றவர்கள் நிமோனா சாப்பிடும்போது அவருக்குத் தட்டில் கத்தரிக்காய் இருக்கும், இல்லாவிட்டால் தயிர் இருக்கும். அவருடைய அப்பா செத்த வருஷம் கயாவுக்குப் போய்ப் பிண்டம் போட்டபோது பட்டாணியை விட்டுவிட்டார். அங்கே ஆலமரத்தடியில் பண்டா, அந்தத் தலத்துப் புரோகிதர், கேட்பார்: ஒரு பழம், ஒரு காய், ஆயுசுக்கும் எதை விடுகிறாய்? பெரும்பாலோர் பாகற்காயை விடுவார்கள். ராயின் தம்பி பலாக்காயை விட்டார். அது எப்படியும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ராய் பட்டாணி என்றதும் பண்டாவே நிமிர்ந்து பார்த்தாராம்.

காரணம் தேவ்ராஜிக்கு மட்டும் தெரியும். நீலான் என்கிற காட்டு மான்கள் பட்டாணி வயலில் இறங்காமல் இருக்க ஆள் காவல் படுக்க வேண்டும். ஒரு ராத்திரி ராயின் முறை. நிமோனா சூடாக இருந்தது, சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றவர் போர்வைக்குள் தூங்கிவிட்டார். அப்பா சத்தம் போடாமல் எழுந்து வயலுக்குப் போனார். நெஞ்சில் சளி கட்டி, அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இத்தனை வருஷம் கழித்து, ஒரு நாள் காலை உரித்துக்கொண்டிருந்த ராயின் கை ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தேவ்ராஜி ஓடிவந்து, தாடையைப் பிடித்து, விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். குழந்தை வாயிலிருந்து மண்ணை எடுப்பதுபோல.

"என்ன பண்றீங்க?"

"ஏன், சாப்பிடறேன். இனிப்பா இருக்கு. நீ யாரு?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டு அடுப்பில் பட்டாணி ஏறவில்லை. அவர் கண்ணில் படக்கூடாது என்று பட்டாணி வீட்டுக்குள் வருவதையே நிறுத்திவிட்டாள். மருமகள் சுனைனாவுக்கு அது தாங்கவில்லை. எங்கள் வீடு அடுத்த வீடு. தண்ணீர் பிடிக்க வரும்போது என் மனைவியிடம் சொல்வாள்:

"ஒருத்தர் மறந்ததுக்கு நாங்க அத்தனை பேரும் முட்டைக்கோஸ் தின்னுட்டிருக்கோம். குழந்தைங்க ஸ்கூல்ல அடுத்தவன் டப்பாவை எட்டிப் பாக்குதுங்களாம். எனக்கு வெக்கமா இருக்கு அக்கா."

ராய்க்கு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மகன் அவதேஷை வட்டாட்சியர் என்று நினைத்துக் கும்பிட்டார். தேவ்ராஜியைச் சமையலுக்கு வைத்த பெண் என்று நினைத்தார். நிமோனா மட்டும் போகவில்லை. போன எல்லாவற்றின் இடத்தையும் அது எடுத்துக்கொண்டதுபோல இருந்தது.

"ஏ பொம்பள, நிமோனா ஆச்சா?"

"பட்டாணி இன்னும் சந்தைக்கு வரலைங்க."

"குளிர் வந்தாச்சு, பட்டாணி வரலையா? யாருகிட்ட கதை விடறே?"

"இந்த வருஷம் பனி கருக்கிடுச்சு."

"அடுத்த வீட்டுல மட்டும் கருகலையா? மூக்கு இருக்கு எனக்கு."

அடுத்த வீடு நாங்கள்தான். என் மனைவி சமையலறைச் சன்னலைச் சாத்திவிட்டுத் தாளித்துப் பார்த்தாள். கடுகெண்ணெயில் வறுபடும் பட்டாணியின் வாசனைக்குச் சாத்திய சன்னல் ஒரு பொருட்டில்லை. தெருவில் போகிறவர்களை ராய் கூப்பிட்டுச் சொல்வார்: "இந்தப் பொம்பள என்னைப் பட்டினி போடறா. என் வீட்டுக்காரி வரட்டும், சொல்லிக் கொடுக்கறேன்." கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். தேவ்ராஜியும் ஒருமுறை சிரித்தாள். "வரட்டும் வரட்டும், நானும் அவளைத்தான் தேடிட்டிருக்கேன்" என்றாள்.

அவதேஷ் அம்மாவோடு சண்டை போட்டான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர்; நிதானமானவன். "விட்டவருக்கே ஞாபகம் இல்ல. இனிமே அந்த வாக்கு யாருக்கும்மா? தாத்தாவுக்கா? அவரு இந்நேரம் எங்கே பொறந்து எதைத் தின்னுட்டிருக்காரோ."

கடைசியில் புரோகிதரைக் கேட்டார்கள். அவர் எங்கள் முன்னிலையில்தான் சொன்னார். "தெரியாம சாப்பிட்டா அவருக்குப் பாவம் இல்ல. தெரிஞ்சு கொடுக்கறவங்களுக்கு இருக்கு." தேவ்ராஜியைப் பார்த்துக் கையை விரித்தார். "உங்க தலையில போட்டுக்கறதுன்னா கொடுங்க சாச்சி." ஊரில் பலருக்கும் அவள் சாச்சி, சித்தி முறை.

அன்று அவள் கொடுத்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். பாவத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவள். ஆனால் கொடுக்கவில்லை. மறுநாள் வேலிப் பக்கம் நின்றபோது நானே கேட்டேன்.

"பாவம் கிடக்கட்டும். என் தலைல எத்தனையோ கிடக்கு" என்றாள். "நடுவுல நடுவுல அவருக்குத் தெளிவு வருதுப்பா. போன மாசம் ஒரு தடவை வந்துச்சு. கொடுத்துட்டேன்னு வை, வாயில பட்டாணியோட இருக்கும்போது தெளிஞ்சா? நீயுமா குடுத்தேன்னு என்னைப் பாத்தா, நான் எங்கே போய் நிப்பேன்?"

"அப்போ என்ன செய்யப் போறீங்க சாச்சி?"

"தெளிவு வரும்போது அவரையே கேட்டுடறேன். வேணும்னு சொன்னா ஆக்கிப் போடறேன். வேண்டாம்னா வேண்டாம். அவர் வாயால வரணும்."

ஊரில் சிலர் அவளைப் பதிவிரதை என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பசித்தவரிடம் இல்லை என்று சொல்வதைத் தினம் பக்கத்திலிருந்து கேட்டவன் நான். கல்நெஞ்சக்காரி என்றும் சொல்லமுடியவில்லை. வாக்குக் கொடுத்த மனிதர் வீட்டில் இல்லை; அவர் உடம்பு மட்டும் பசியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. இருவரில் யாருக்கு அவள் மனைவி? இல்லாதவர் பக்கம் நின்றாள். இருப்பவர் அழுதார். அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஒரு நாள் பச்சைக் கொண்டைக்கடலையை அரைத்து நிமோனா வைத்துப் பார்த்தாள். எங்கள் பக்கம் அப்படியும் செய்வதுண்டு. ராய் ஒரு கவளம் வாயில் வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டார். "ஏமாத்தறே" என்றார். அடிக்கவில்லை, கத்தவில்லை. அதன்பிறகு அவர் சாப்பாடே குறைந்துபோயிற்று.

ஹோலிக்குச் சில நாள் முன்பு அவள் காத்திருந்தது வந்தது. மதியம், அவள் அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து, "அவதேஷ் அம்மா" என்றார். வெகு நாளுக்குப் பிறகு.

"ஏன் இப்படி இளைச்சுட்டே? சரியா சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடறேனே."

"பொய் சொல்லாதே. எருமை கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சு. கிடாரிக் கன்னு."

"பாத்தியா, நான் சொன்னேன். பின்கட்டுக் கூரை ஒழுகுதே, அவதேஷை மாத்தச் சொல்லு. மழைக்கு முன்னாடி. அவன் தள்ளிப் போடுவான்."

இப்படியே பேசினார்கள். கூரை, எருமை, மகள் வீட்டுக்கு அனுப்பிய கோதுமை. அவர் கேலி செய்தார், அவள் சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் எங்கள் வீட்டுவரை கேட்டது. என் மனைவி வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் மங்கியது. "ஏ பொம்பள, என் வீட்டுக்காரி வந்தாளா?" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. குளிர்காலம் முழுவதும் அவள் வாயில் வைத்திருந்த ஒரே கேள்வியைக் கேட்க மறந்துவிட்டாள். அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இருங்க, இருங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. பட்டாணி வேணுமா? சொல்லுங்க, வேணுமா?"

"வேணும்" என்றார் அவர். தினம் சொல்கிற அதே குரலில், யாரோ ஒரு சமையல்காரியிடம். அந்த 'வேணும்' அவளுக்கு உதவவில்லை.

மறுபடி தெளிவு வரவே இல்லை. ஹோலி முடிந்த வாரம் ராய் இறந்துபோனார். வயல்களில் பட்டாணிக் கொடி காய்ந்து மஞ்சளாகிவிட்டிருந்தது.

பதினோராம் நாள் மகாபாத்திரருக்குச் சாப்பாடு. இறந்தவர் ஆசைப்பட்டதையெல்லாம் சாவுச் சடங்கு செய்கிற அந்தப் பிராமணருக்கு வயிறாரப் போட வேண்டும். அவர் சாப்பிட்டால் போனவர் சாப்பிட்டதாகக் கணக்கு. அவதேஷ் காஜிபூருக்குப் போய், கடைப் பெட்டியில் உறைய வைத்த பட்டாணி பாக்கெட் வாங்கி வந்தான். சுனைனா பூண்டில்லாமல் நிமோனா வைத்தாள். தேவ்ராஜி தடுக்கவில்லை. உதவவும் இல்லை.

மகாபாத்திரர் இலை முன்னால் உட்கார்ந்ததும் அவள் வாசற்படியில் நின்று கேட்டாள்.

"மகாராஜ், இப்போ சாப்பிட வரப்போறவர் ஞாபகம் உள்ளவரா, இல்லாதவரா?"

"என்னம்மா கேள்வி இது?"

"ஞாபகம் உள்ளவர்னா பட்டாணி போடக்கூடாது. இல்லாதவர்னா போடணும். அதான் கேக்கறேன்."

அவர் இலையில் தண்ணீர் தெளித்தார். பிறகு, "எனக்கு ஞாபகமும் இருக்கு, பசியும் இருக்கு. சோறு ஆறுது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவதேஷ் சிரிக்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் விட்டவன் அப்படியே நின்றான். குளிர்காலம் முழுவதும் கொடு கொடு என்று வாதாடியவன்.

"போடு" என்றாள் அவன் அம்மா. "நீதானே போடணும்னே. உன் கையால போடு."

அவன் ஊற்றினான். மகாபாத்திரர் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டார், இன்னொரு முறை கேட்டு வாங்கினார். தேவ்ராஜி உள்ளே போகாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு கடைசிக் கவளம்வரை நின்றாள்.

மறுநாள் காலை நான் போனபோது அவள் ராயின் கயிற்றுக்கட்டிலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளே பேசினாள்.

"நேத்து அவர் வந்து சாப்பிட்டிருந்தா என்னைத் திட்டிட்டே சாப்பிட்டிருப்பார். சாப்பிடலைன்னா பசியோடயே போயிருப்பார். ரெண்டுல ஒண்ணு நடந்துபோச்சுப்பா. எதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் கயிற்றின் முடிச்சை நகத்தால் நெம்பினாள், இறுகிப்போயிருந்தது. அரிவாள்மணை கொண்டுவா என்று சுனைனாவுக்குக் குரல் கொடுத்தாள்.