பொம்பலோனி சுட்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் உறவினர்கள் பலரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். பொறுமையா, அவருக்கா? அடுப்படியில் அவர் கேட்ட கரண்டியை ஒருமுறை மாற்றி எடுத்துக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கூடப்பிறந்த தங்கை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அண்ணன் பிறந்தது இடைசெவலுக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில். மழை பொய்த்து இரண்டு வெள்ளாமை கருகியதும் அப்பா எங்களைக் கோவில்பட்டிக்குக் கூட்டிவந்தார். சில வருடங்களில் அப்பாவும் காலமாகிவிட்டார். அண்ணன் பத்தொன்பது வயதில் தூத்துக்குடியில் சரக்குக் கப்பல் ஏறினார். சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிற வேலை. பதினோரு வருடம் கடலிலேயே கழிந்தது. முதுகு வலி வந்து, தொண்ணூறுகளின் நடுவில் திரும்பி வந்தார். வெளிநாட்டுச் சாமான் பெட்டி பெட்டியாக வரும் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் கொண்டுவந்ததோ இத்தாலித் துறைமுகம் ஒன்றில் கற்றுக்கொண்ட ஒரு பலகாரம்தான். மைதாவை முட்டை, வெண்ணெய், சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, புளித்துப் பொங்க வைத்து, டம்ளர் வாயால் வட்டமாக வெட்டி எண்ணெயில் பொரிப்பார். பிறகு விலாவில் துளை போட்டு, காய்ச்சிய பால் கிரீமை உள்ளே நிரப்புவார். பெயர் பொம்பலோனி.

“ஏலே, இம்புட்டுத் தூரம் போயி பணியாரமாலே படிச்சிட்டு வந்திருக்க?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஏழு வீட்டார் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ‘போய் லெட்டர் போடுகிறோம்’ என்றவர்கள் யாரும் போடவில்லை. எனக்கு முடியாமல் தனக்குக் கல்யாணம் இல்லை என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். எட்டாவதாக எட்டயபுரத்திலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளை புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டும் மாஸ்டர். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யார் முன்னாலும் போய் நிற்பதில்லை என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

“ஏழு பேரு கேசரி தின்னுட்டுப் போயிட்டாவ. இவியளுக்கு நான் பொம்பலோனி போடுதேன்,” என்றார் அண்ணன்.

“நல்ல காரியத்துக்கு முட்டையாலே?”

“நீங்க சும்மா இருங்கம்மா!”

மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் வேண்டும். கடைவீதி முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. கோடைக்காலம், பதநீர் இறங்குகிற சமயம். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். பனையேறியிடம் சொல்லி, சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்றை அண்ணன் வாங்கி வந்துவிட்டார். சுண்ணாம்பு இல்லையென்றால் அது பதநீரா? கள்! ஒரு செம்பு எடுத்து மாவில் ஊற்றியவர், மீதியைக் கலயத்தோடு துணியால் இறுக மூடி, அடுப்படி மூலையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் தரகரோடு வந்தார்கள். பலகாரம் என்னமோ அருமையாக வந்திருந்தது. மாப்பிள்ளையின் தாயார் இரண்டாவதுக்குக் கை நீட்டினார். கடித்த பக்கம் கிரீம் வழிந்து மாப்பிள்ளை சட்டையில் விழ, எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவோரம் நின்று, ‘முருகா, இது போதும்’ என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். சித்திரை வெக்கையில் நுரைத்துப் பொங்கிய கலயம், கட்டிய துணியைத் தள்ளிவிட்டது. நுரை வாசல்படி தாண்டி ஓடி வந்தது. வீடு முழுக்கக் கள் வாடை!

மாப்பிள்ளையின் தகப்பனார் தட்டைக் கீழே வைத்தார். “வீட்டுல யாரு குடிக்கா?”

“பக்கத்து வீட்டுல இருந்து…” என்று அம்மா ஆரம்பித்தார்.

“இல்ல மாமா, நான்தான் வாங்கிட்டு வந்தேன். மாவு பொங்கணும்னு,” என்றார் அண்ணன்.

“மாவுக்குச் சரி. நீ குடிக்க மாட்டியாக்கும்?”

‘மாட்டேன்னு சொல்லு’ என்று தரகர் கண்ணைக் காட்டினார். அண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“குடிச்சிருக்கேன் மாமா. கப்பல்ல இருக்கும்போது நெறையக் குடிச்சேன். விட்டு மூணு வருசம் ஆச்சு.”

எங்களுக்கே தெரியாத செய்தி அது. கூட வந்திருந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். எட்டாவதும் போயிற்று என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் மட்டும் அசையவில்லை. “குடிச்சேன்னு வாயால ஒத்துக்கிட்ட ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கேன்,” என்றவர், கணவரைத் திரும்பிப் பார்த்தார். “வாடைய வச்சே கண்டுபிடிச்சவிய, எந்த மரத்துக் கள்ளுன்னும் சொல்லிருவாவ. பேசாம உக்காருங்க. இந்த வீட்டுப் பொண்ணு நம்மகிட்டப் பொய் பேசாது. பூ வைக்கலாம்.”

மாமா கீழே வைத்த தட்டை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது.

பிறகு அண்ணன் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரராக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. கேட்டால், “ஒருத்தி கரண்டிய மாத்திக் குடுக்கதே போதும்ட்டி,” என்று என்னைச் சாடுவார். என் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் மாவும் வெண்ணெயுமாக எட்டயபுரம் வந்து இறங்குவார். முதல் ஆளாகத் தட்டோடு உட்காருவது மாமாதான். நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சுவலி வந்து மூன்றே நாளில் அண்ணன் எங்களை விட்டுப் போனார். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி ரொட்டியைக் குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

ராத்திரி பகல் பாராமல் கூட இருந்த என் கணவருக்கும், வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், பந்தல் முதல் பந்தி வரை தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், விடுதிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தரகருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் பந்தி முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டார். “அன்னிக்குத் துண்ட உதறிட்டு எந்திரிச்சுப் போனாருல்லா, அவரு மகளத்தாம்மா ஒங்க அண்ணனுக்குப் பேசி வச்சிருந்தேன். அவனப் பாக்கத்தான் அவரு வந்திருக்காருன்னு அவனுக்குத் தெரியும். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்,” என்றார்.

அண்ணே, தரகர் கண்ணைக் காட்டினாரே, ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பாவி மனுசா, இத்தனை வருடம் என் வீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாயே, ஒரு நாளாவது என்னை அழவிட்டிருக்கக் கூடாதா?