கால் மணி முந்திய பெட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சிஐடி. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு வெளியே போகிறது என்று குறித்துவைக்கும் பெட்டி ஒன்றைத் தரைத்தள அறையில் பொருத்தியவள் அவள்தான். மருந்துக் கிடங்குக்காரர் வேலை நேரத்தில் சினிமா பார்த்ததை அந்தப் பெட்டி போட்டுக்கொடுத்த நாளிலிருந்து இந்தப் பெயர். அவர் இன்றும் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேலையில் ரொம்பக் கறார். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டியிருப்பாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று அளவு வைத்திருப்பாள். மீறினால் மறுநாள் காலை அறிக்கையில் சிவப்பில் வந்து நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி வந்து நின்றது. முந்தின நாள், பதிவு கவுன்டரிலிருந்து நோயாளிகளின் விவரம் மொத்தமும் வெளியே போயிருந்தது. நேரம் இரண்டு ஐந்து. இரண்டு மணி வரை அந்த நாற்காலியில் இருப்பது அவள் தம்பி. மேனேஜரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு அவளே வாங்கிக்கொடுத்த வேலை. இரண்டுக்குப் பிறகு ஐம்பது வயது அம்மா ஒருத்தி. இருவருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆகவே நேரத்தை விட்டால் வேறு சாட்சியில்லை.

"நான் வந்து பையக்கூட வைக்கலைங்க, அதுக்குள்ள எப்படி?" என்று அந்த அம்மா அழுதாள். மேனேஜர் அசரவில்லை. வேலைநீக்கக் கடிதம் தயாரிக்கச் சொல்லிவிட்டு இவளிடம், "அந்த ரிப்போர்ட்டப் பிரிண்ட் போட்டுக் கொடும்மா" என்றார்.

பிரிண்ட் எடுக்கும்போதுதான் கீழ்வரி கண்ணில் பட்டது. தினமும் சரியாக இரண்டு மணிக்குக் கிளம்பும் பேக்கப், அவளே நேரம் வைத்தது, பெட்டியின் பதிவில் இரண்டே காலுக்குக் கிளம்பியிருந்தது. பெட்டியைப் பொருத்திய அன்று வெளி இணைப்பு வந்திருக்கவில்லை. பெட்டி தானாக நேரம் வாங்கிக்கொள்ள வழியில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைத் தட்டிவிட்டாள். அப்புறம் சரிசெய்யலாம் என்று நினைத்தவள் சுத்தமாக மறந்துபோனாள். அவள் கைக்கடிகாரமும் வீட்டுக் கடிகாரங்களும் எல்லாமே, பஸ்ஸைத் தவறவிடாமலிருக்க, கால் மணி முன்னால் ஓடுபவை.

அப்படியானால் விவரம் போனது ஒன்று ஐம்பதுக்கு.

அவளைத் தவிர யாருக்கும் இது தெரியாது, தெரியப்போவதுமில்லை. அந்தக் குளிர்ந்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். தம்பி மேல் ஆத்திரம், தன் மேல் அதைவிட ஆத்திரம். பிறகு எழுந்து மாடிக்குப் போனாள்.

"சார், பெட்டியில மணி தப்பு. நான் வெச்சதுதான். கால் மணி நேரம் கழிச்சுக்குங்க."

மேனேஜர் கழித்துப் பார்த்தார். "அப்போ சீட்ல இருந்தது..."

"என் தம்பி."

"தெரிஞ்சுதான் சொல்றியாம்மா?"

"தெரிஞ்சுதான் சார்."

தம்பி மறுக்கவில்லை. மருந்துக் கம்பெனி ஆள் கேட்டான், கொடுத்தேன் என்றான். வேலை போனது. இவளுக்கு ஒரு மெமோ கிடைத்தது. அந்த அம்மா நன்றியெல்லாம் சொல்லவில்லை, "மொதல்லயே பாத்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இரண்டு வருடமாகிறது. தம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் அம்மா பக்கம் திரும்பி, "உன் பொண்ணுகிட்ட சொல்லு" என்கிறான். அக்கா என்று கூப்பிடுவதேயில்லை. அவளுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.