வழி தெரியும், திசைதான் தெரியவில்லை: அவிநாசியிலிருந்து அனுப்பர்பாளையத்துக்குத் தனியே

பத்துக் கிலோமீட்டர் பஸ், இருநூறு மீட்டர் நடை. இந்தப் பயணம் மொத்தமே அவ்வளவுதான். ஆனால் கண் நீர் அழுத்த நோயில் எனக்குப் பார்வை போய் மூன்று வருடமாகிறது. யாருடைய கையையும் பிடிக்காமல் நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் பயணம் இது. என்னைப் போல வெள்ளைக் கோலோடு கிளம்ப நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பார்வை இருந்தபோது திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையர்களோடு, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு வியாபாரிகளோடு, பேசி ஆர்டரை முடித்து அனுப்புவது என் வேலை. அங்கே எனக்கு மேனேஜராக இருந்த ராஜாமணி அக்கா இப்போது அனுப்பர்பாளையத்தில் சொந்தமாக பனியன் யூனிட் நடத்துகிறார். இரண்டு மாதம் முன்பு போனில் கூப்பிட்டார்.

"பையர்கிட்ட பேசறதுக்கு எனக்கு உன்னைய மாதிரி ஆள் இல்ல மஞ்சு. மெயிலெல்லாம் கம்ப்யூட்டரே படிச்சுக் காட்டுதுங்கறே. அப்பறம் என்ன? ஆனா ஒண்ணு. தெனமும் வண்டி அனுப்ப எனக்குத் தோதுப்படாது. நீயா வந்து போகோணும்."

என் கணவர் ஏழு மணிக்கே ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே நானாகத்தான் போக வேண்டும். அவரோடு போய் வழி பழகிக்கொண்டு, போன மாதம் கோலை மட்டும் நம்பி ஒருமுறை தனியே கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து யூனிட்டுக்குப் போகும் சந்து முழுக்கப் பாத்திரப் பட்டறைகள். தகடு தட்டும் சத்தத்தில் காது எதற்கும் உதவவில்லை. ஒரு பைக்குக்கு ஒதுங்கியபோது உடம்பு திரும்பிவிட்டது. எவ்வளவு திரும்பியது என்று தெரியவில்லை. யூனிட்டுக்குத்தான் போகிறேன் என்று நினைத்து மெயின் ரோட்டில் காலை வைத்துவிட்டேன். பஸ் ஹாரன் முகத்துக்கு நேராக அடித்தது. அன்று ஆட்டோவில் வீடு திரும்பியபோது ஒன்று புரிந்தது. வழி எனக்கு மறக்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

போன் இருக்கிறதே என்பீர்கள். போன் நான் இருக்கும் இடத்தைச் சொல்லும். நின்ற இடத்தில் என் முகம் எந்தப் பக்கம் என்பதற்கு அது திசைகாட்டியை நம்ப வேண்டும். சுற்றிலும் இரும்பு இருக்கும் இடத்தில் திசைகாட்டி உளறுகிறது.

கோவையில் எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் என் கல்லூரித் தோழி சுகன்யாவிடம் இதைச் சொன்னேன். மூன்று வாரத்தில் ஒரு இடுப்புப் பட்டையோடு வந்தாள். யூனிட் கேட்டின் தூண் உச்சியில் தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றைப் பொருத்தினாள். அது ரேடியோ சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். என் பட்டையில் இரண்டு ஆண்டெனாவும், சிக்னலை வாங்கி ஒரு காது இயர்போனில் ஒலிக்கும் சின்னப் பெட்டி ஒன்றும். சிக்னல் எந்த ஆண்டெனாவுக்கு ஒரு துளி முன்னால் வந்து சேர்கிறது என்பதை வைத்து, கேட்டைப் பொறுத்து நான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேன் என்று அது கணக்கிடும். கேட் வலப்பக்கம் என்றால் பட்டை வலப்பக்கம் அதிரும். கேட்டுக்கு நேராக முகம் வைத்து நின்றால் இரண்டு பக்கமும் அதிரும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு அவிநாசியில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அனுப்பர்பாளையத்தில் இறக்கிவிடச் சொன்னேன். "கூட ஆரும் வரலீங்களா?" என்றார் கண்டக்டர். "இல்லீங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளத் தோன்றியது. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இறங்கினேன். சந்து அதே பக்கம் என்பதால் ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை.

சந்துக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் அதிர்ந்தது. பாதித் தூரம் வரை பிசகில்லை. பிறகு திடீரென்று வலப்பக்கம் மட்டும் அதிர்ந்தது. வலப்பக்கம் திரும்பினேன். கோல் 'டங்'கென்று எதிலோ மோதியது.

"ஏனுங்க, அங்கெங்கீங்க போறீங்க? அது எங்க பட்டறைங்க, தகடு அடுக்கியிருக்குது" என்றது ஒரு ஆண் குரல். அடுத்த நொடி என் முழங்கையில் அவர் கை. "வாங்க, நான் கொண்டுபோய் உட்டர்றேன்."

"கைய உடுங்க. கோவிச்சுக்காதீங்க, நானாப் போய்ப் பழகோணும். முன்னாடி என்ன இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

கையை எடுத்துவிட்டார். "பாத்திர லாரி நிக்குதுங்க. சந்து முழுக்க அடைச்சுட்டான். இடப்பக்கம் ஒரு ஆள் போற மாதிரி வழி இருக்குதுங்க."

அப்போதுதான் விளங்கியது. கேட்டிலிருந்து நேராக வரும் சிக்னலை லாரி மறைத்துவிட்டது. தகட்டில் பட்டுத் திரும்பியதைத்தான் என் பட்டை உண்மையென்று நம்பியிருக்கிறது. சுவர் மேல் பட்டு வரும் எதிரொலியைக் கேட்டு, ஆள் அங்கேதான் நிற்கிறார் என்று நினைப்பதைப் போல.

சந்தேகம் வந்தால் செய்யச் சொல்லி சுகன்யா ஒன்றைக் கற்றுத் தந்திருந்தாள். பட்டையில் இருக்கும் பெட்டியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கேட் முதுகுக்குப் பின்னால் வரும்போது உடம்பு மறைத்து, இயர்போனில் கேட்கும் சிக்னல் ஒலி அமுங்கும். சுற்றினேன். எங்குமே அமுங்கவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் பட்டுத் தெறித்து வருகிறது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இங்கிருந்து திரும்பினால் நாளைக்கு வீட்டு வாசலைக்கூடத் தாண்ட மாட்டேன் என்று தெரிந்தது.

"அண்ணா, லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பேசிட்டே இருங்க, போதும்" என்றேன்.

"என்னத்தப் பேசறதுங்க?" என்றவர், பாவம், அங்கே போய் நின்று, "இங்கீங்க, இங்கீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். லாரியின் உடம்பைப் புறங்கையால் தடவியபடி இடப்பக்க இடுக்கில் நடந்தேன். அதைத் தாண்டியதும் மறுபடி சுற்றிப் பார்த்தேன். இம்முறை ஒரே ஒரு பக்கத்தில் ஒலி தெளிவாக அமுங்கியது. அப்படியே நின்று நேர் எதிராகத் திரும்பினேன். பெட்டியைப் பட்டையில் மாட்டியதும் இரண்டு பக்கமும் அதிர்ந்தது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தேன்.

கேட்டின் கம்பியைத் தொட்டபோது ஒன்பதே கால். உள்ளே ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். மூன்று வருடம் கழித்துக் கேட்கிறேன். கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"கால் மணி நேரம் லேட்டு" என்றார் ராஜாமணி அக்கா, பக்கத்திலேயே. "மாடியிலிருந்து பாத்துட்டேதான் இருந்தேன் மஞ்சு. எறங்கி ஓடி வர ரெண்டு தடவை படி வரைக்கும் வந்துட்டேன்."

"ஏங்க்கா வரல?"

"நான் வந்திருந்தா நீ வந்ததா இருக்காதே."

இதே போல ஒன்று முயல நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் கோல் பழகுங்கள். கருவி அதற்கு அப்புறம்தான். புது இடத்துக்கு முதல் முறை தெரிந்தவரோடு போய்வாருங்கள். தகடு, லாரி, இரும்பு ஷட்டர் பக்கத்தில் ரேடியோ சொல்லும் முதல் பதிலை நம்பாதீர்கள். நாலடி தள்ளிப்போய் மறுபடி கேளுங்கள். இரண்டு காதையும் அடைக்கும் இயர்போன் வேண்டாம், ஒரு காது தெருவுக்கு. யாராவது கையைப் பிடிக்க வந்தால், போக வேண்டிய பக்கத்தில் நின்று பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே செய்கிறார்கள். பார்வை உள்ளவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து கேட்காமல் தொடாதீர்கள். தொட்டு இழுத்தால் நாங்கள் மனதில் பிடித்து வைத்திருக்கும் திசை போய்விடும்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெண் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று விசாரித்தார்.

"வேலைக்குங்க" என்றேன்.